பதிவேட்டு ஓரத்தில் கிடைத்த உபதேசியார்கள்

சேசு சபை (ஜெசூயிட்) என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் வரலாற்றில் ஆய்வு செய்ய வருகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது காலத்தைத்தான். சபைக்கு இரண்டு பிறவி. 1540ல் பாப்பரசர் மூன்றாம் பவுல் அங்கீகரித்தது பழைய சபை. அதை 1773ல் பதினான்காம் கிளமெண்ட் கலைத்தார். 1814ல் ஏழாம் பயஸ் திரும்பவும் நிறுவியது புதிய சபை. நம் பக்கம் என்று பார்த்தால், 1542ல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறை என்ற தூத்துக்குடிக் கடற்கரைக்கு வந்தது முதல் வீரமாமுனிவர் காமநாயக்கன்பட்டியிலும் கயத்தாற்றிலும் இருந்த நாட்கள் வரை பழைய சபைக் கணக்கு. 1838ல் பெர்த்ராந், கார்னியே, மார்த்தின், து ராங்கே என்ற நான்கு பிரெஞ்சுச் சாமியார்கள் மதுரை மிஷனை மறுபடி தொடங்கியதிலிருந்து புதிய சபைக் கணக்கு. எந்தக் காலத்தை எடுக்கிறோமோ அதைப் பொறுத்துப் படிக்க வேண்டிய மொழியும் மாறும், போக வேண்டிய ஊரும் மாறும். பழைய சபைக்குப் போர்த்துக்கீசும் லத்தீனும் வேண்டும்; காகிதங்கள் ரோமிலும் லிஸ்பனிலும் கோவாவிலும் சிதறிக் கிடக்கின்றன. புதிய சபைக்குப் பிரெஞ்சும் லத்தீனும் வேண்டும். காகிதங்கள் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரிலும், பாரிசை ஒட்டிய வான்விலும், ரோமிலும் இருக்கின்றன.

நான் பாளையங்கோட்டையில் வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவள். நெறியாளரோடு பேசி 1838 முதல் 1923 வரை என்று எல்லை வைத்துக்கொண்டேன். தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, சேசு சபையைச் சேர்ந்த திபுர்சியுஸ் ரோச் அதன் ஆயரானது 1923ல். பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டுதான். பிரெஞ்சுச் சாமியார்களின் காலம் வேறு பக்கம் திரும்புகிற இடம் அது.

என் ஆய்வுத் தலைப்பு உபதேசியார்களைப் பற்றியது. சாமியாருக்கு உதவியாக ஊரில் வேதம் சொல்லிக்கொடுத்த ஊழியர்கள் அவர்கள். ஒரு சாமியாருக்கு அந்தக் காலத்தில் பனங்காட்டுக்குள்ளும் தேரிக்குள்ளும் சிதறிக் கிடந்த எத்தனையோ ஊர்கள். வருஷத்தில் சில நாள்தான் ஒவ்வோர் ஊருக்கும் போக முடியும். மீதி நாளெல்லாம் செபம் சொல்லிக்கொடுத்தது, சாகக் கிடந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தது, கல்யாணத்துக்கு முறை விசாரித்தது, ஊர்ச் சண்டையைச் சாமியார் காதுக்குக் கொண்டுபோனது எல்லாம் உபதேசியார். ஆனால் அச்சில் வந்த மிஷன் கடிதங்களில் அவர் ‘என் உபதேசியார்’தான். பெயர் இராது.

ஏன் இராது என்பதைப் புரிந்துகொண்டபிறகுதான் என் வேலை நகர்ந்தது. சபையை நிறுவிய இஞ்ஞாசியார் கடிதம் எழுதுவதற்கே ஒரு ஒழுங்கு வகுத்திருந்தார். எல்லோருக்கும் காட்டத்தக்க, படிப்பவருக்குப் பக்தியூட்டும் செய்திகளை முதன்மைக் கடிதத்தில் எழுத வேண்டும். மனத்தாங்கல், நோய், உள்விவகாரம் போன்றவற்றைத் தனித்தாளில் எழுத வேண்டும். முதல் வகை, ஐரோப்பாவில் சபை இல்லங்கள்தோறும் வாசிக்கப்பட்டு அச்சேறியது. இரண்டாம் வகை பெட்டிக்குள் போனது. சவேரியார் எழுத்திலேயே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். 1544ல் மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை என்று கடற்கரை ஊர்களிலிருந்து உடன் ஊழியரான மான்சிலாசுக்கு அவர் எழுதிய சிறு கடிதங்களில் மத்தேயு என்ற பையனைப் பேர் சொல்லி விசாரிக்கிறார். கூட வேலை பார்ப்பவருக்கு எழுதும்போது பெயர் வரும். தூரத்தில் இருந்து ஆதரிப்பவருக்கு எழுதும்போது பெயர் தேவைப்படாது. ஆகவே எந்தக் கடிதத்தை எடுத்தாலும், சொல்லும் செய்தியைப் படிக்குமுன் யாருக்கு எழுதியது என்று பார்க்கப் பழகிக்கொண்டேன். இது சபையைக் குறை சொல்வதற்காக அல்ல. இவ்வளவு ஒழுங்காக எழுதி, பிரதி எடுத்து, ஒரு கப்பல் மூழ்கினாலும் இன்னொன்றில் போகட்டும் என்று ஒரே கடிதத்தைப் பல வழியில் அனுப்பி, பாதுகாத்தும் வைத்தவர்கள் அவர்கள். அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் எனக்கு ஆய்வே இல்லை.

பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்து படித்தேன். லத்தீன், ஓய்வுபெற்ற ஒரு சாமியார் சொல்லித்தந்தது. அவர் இலக்கணப் புத்தகத்தில் தொடங்கவில்லை; பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் ஒன்றை முன்னால் வைத்து, ‘இதை வாசி, வேணும்கிற இலக்கணம் தானா வரும்’ என்றார். அது எனக்கு மிகவும் உதவியது. பதிவேட்டு லத்தீன் திரும்பத் திரும்ப வரும் சில வாக்கியங்கள்தான். இன்ன நாளில், கீழே கையெழுத்திட்ட நான், இன்னாருடைய மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன், ஞானத்தகப்பன் இன்னார். இதைப் பிடித்துக்கொண்டால் ஆயிரம் பக்கத்தையும் வாசிக்கலாம். கையெழுத்துதான் கஷ்டம். சொல்லைப் பாதியில் வெட்டி மேலே ஒரு கோடு போட்டிருப்பார்கள். மை மறுபக்கம் ஊறி இரண்டு பக்க எழுத்தும் கலந்து கிடக்கும்.

செண்பகனூருக்குப் போக, நெறியாளரின் அறிமுகக் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். என்ன தலைப்பு, எந்த ஆண்டுகள், எந்த வகைக் காகிதம் என்று தெளிவாக எழுதுங்கள். ‘சேசு சபை பற்றிய எல்லா ஆவணமும்’ என்று கேட்டால் யாராலும் எதையும் எடுத்துத் தர முடியாது. 1895ல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி வளாகம் அது. சேசு சபையின் மதுரை மாகாணத்தின் ஆவணக்காப்பகம் செண்பகனூரில்தான். பென்சில் மட்டும் கொண்டுபோங்கள். குளிருக்குப் போர்வையும். வெயிலில் வளர்ந்த நம்மூர் உடம்புக்கு அந்த ஈரம் சீக்கிரம் பிடிக்கும்.

அங்கே எடுத்துப் பார்க்க வேண்டியவற்றில் சபையின் ஆள்பட்டியல்களைத் தவறவிடாதீர்கள். ஆண்டுப்பட்டியலில் யார் எந்த ஊரில் என்ன வேலையில் இருந்தார் என்று இருக்கும். மூன்றாண்டுக்கு ஒருமுறை ரோமுக்குப் போன பட்டியல் இன்னும் ஆழமானது. முதல் பகுதியில் பெயர், பிறந்த ஊர், வயது, உடல்நிலை, படிப்பு, வார்த்தைப்பாடு என்ற துறவற வாக்குறுதி கொடுத்த நாள். இரண்டாம் பகுதியில் பெயருக்குப் பதில் எண் மட்டும் போட்டு, அறிவு எப்படி, விவேகம் எப்படி, அனுபவம் எவ்வளவு, சுபாவம் என்ன, எந்த வேலைக்கு ஏற்றவர் என்று மேலதிகாரி மதிப்பிட்டிருப்பார். இரண்டையும் எண்ணால் இணைத்தால் அச்சுக் கடிதத்தில் புனிதராகத் தெரிந்த ஒருவர், முன்கோபக்காரராகவும் தமிழ் நன்றாகப் பேசத் தெரிந்தவராகவும் எழுந்து வருவார். எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது அப்போதுதான். ஆனால் உபதேசியார்கள் சபை உறுப்பினர்கள் இல்லையே. இந்தப் பட்டியல்களிலும் அவர்களுக்கு இடமில்லை.

கடைசியில் அவர்கள் கிடைத்தது பங்கு அலுவலக அலமாரிகளில். பங்கு என்றால் ஒரு சாமியாரின் பொறுப்பில் இருக்கும் கோவில் வட்டாரம். அனுமதி விஷயத்தில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. ஆயர் இல்லத்துக் கடிதம் இருந்தால் நல்லது. பங்குச்சாமியாரை நேரில் பார்த்துப் பேசுவது அதைவிட நல்லது. திருவிழாக் காலத்திலும் தபசு காலக் கடைசியிலும் போகாதீர்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 1838க்குப் பிறகு, போர்த்துக்கீசுத் தரப்பான கோவாச் சாமியார்களுக்கும் பிரெஞ்சுச் சாமியார்களுக்கும் அதிகாரத் தகராறு நெடுங்காலம் நீடித்தது. அதனால் ஒரே ஊர்க்காரர்களின் பெயர் இரண்டு தரப்புப் பதிவேட்டிலும் பிரிந்து கிடக்கும். ஒன்றை மட்டும் பார்த்து ‘குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது’ என்று எழுதிவிடக் கூடாது.

ஒரு ஊரில் அலமாரியைத் திறந்துவிட்ட, கோவில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளைப் பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

‘எம்மா, லத்தீனுல்லா எழுதிருக்கு. ஒனக்கு வாசிக்க வருமா?’

‘கொஞ்சம் வரும் தாத்தா.’

‘எங்க பாட்டன் காலத்துக்கு முன்ன உபதேசியார் ஒருத்தரு இருந்தாராம். அவரு வீட்ட இப்பவும் உபதேசியார் வீடுன்னுதான் சொல்லுவாவ. பேரு யாருக்கும் தெரியல.’

ஞானஸ்நானப் பதிவேட்டில், சாமியார் கொடுக்காமல் வேறொருவர் கொடுத்திருந்தால் அதையும் எழுத வேண்டும். சாகும் ஆபத்தில் இருப்பவருக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். அந்த ஊர்ப் பதிவேட்டில் 1877ஐ ஒட்டிய பக்கங்களுக்கு வந்தோம். தாது வருஷப் பஞ்சம் தொடர்ந்த ஆண்டு. குழந்தைக்குப் பின் குழந்தையாக ‘மரண ஆபத்தில், உபதேசியார் இன்னாரால்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தது. எல்லாம் ஒரே பெயர். கல்யாணப் பதிவேட்டைத் திருப்பினால் சாட்சி இடத்தில் அதே பெயர் வருஷக்கணக்கில் வந்தது. பெரியவர் தன் டைரியில் அதை எழுதித் தரச் சொன்னார். குடும்பம் ஊரில் இருப்பதால் அந்தப் பெயரை இங்கே தரவில்லை, ஆய்வேட்டில் இருக்கிறது.

அதற்குப் பிறகு வேலைமுறை பிடிபட்டுவிட்டது. ஞானஸ்நானம் கொடுத்தவர், கல்யாணச் சாட்சி, ஞானத்தகப்பன் என்ற மூன்று இடங்களிலும் அடிக்கடி வரும் பெயர்களை ஊர்வாரியாக அட்டவணை போட்டேன். பிறகு அந்தந்த ஆண்டின் கடிதங்களுக்குத் திரும்பினேன். கடிதத்தில் ‘என் உபதேசியார்’ வந்து நின்ற பல இடங்களில் இப்போது ஒரு மனிதர் நின்றார். பதிவேட்டில் சாதியும் குறித்திருந்ததால், எந்தச் சாதி உபதேசியார் எந்தத் தெருவுக்குள் போனார், எங்கே போகவில்லை என்பதும் தெரிந்தது. கடிதங்கள் சாதியைப் பற்றிப் பொதுவாகப் பேசும். யார் வாசலில் யார் நின்றார் என்று சொல்லாது. சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்திருந்த வடக்கன்குளம் கோவிலில் 1910ல் சுவர்களை இடித்தபின் வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனதை எல்லோரும் அறிவோம். அது போன்ற வழக்குகளின் காகிதங்களையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். அங்கே ஊர்க்காரர்கள் தங்கள் பெயரிலேயே வழக்காடுகிறார்கள்.

எழுதுவதும் சினாப்சிஸ் என்ற ஆய்வுச் சுருக்கம் கொடுப்பதும் எல்லாருக்கும் நடப்பதுபோல் நடந்தன. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வி முக்கியமானது: ‘பதிவேட்டில் பெயர் இருக்கிறது, குரல் இருக்கிறதா?’ இல்லை என்றுதான் சொன்னேன். பெயரும் ஊரும் அவர் செய்த வேலையும் தெரிந்தபிறகு, சாமியார் தன் கடிதத்தில் சொல்வதில் எவ்வளவு அவரே பார்த்தது, எவ்வளவு உபதேசியார் வந்து சொன்னது என்று பிரிக்க முடிகிறது. கடிதத்துக்குள் இருக்கும் அந்தப் பங்கை உபதேசியாருக்குத் திருப்பித் தரலாம் என்பதுதான் என் ஆய்வு சொன்ன பதில்.

புதிதாக வருகிறவர்கள் மொழி முழுசாக வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் பக்கத்துப் பங்கில் 1900க்கு முந்தைய பதிவேடுகள் இருந்தால், அனுமதி வாங்கி முதலில் அவற்றைப் படம் எடுத்து வையுங்கள். ஒரு படப்பிரதியைப் பங்கு அலுவலகத்திலேயே கொடுங்கள். ரோமில் இருப்பது இன்னும் நூறு வருஷம் பத்திரமாக இருக்கும். நம் ஊர் அலமாரியில் இருப்பதற்குக் கரையானும் மழையும் அவ்வளவு காலம் தராது. நான் போவதற்கு முன்பே ஒரு பங்கில் இரண்டு தொகுதிகள் பொடியாகியிருந்தன.