உடம்பு வந்து சேர்ந்த கதை

இலங்கைப் போருக்குத் தப்பி மன்னாரில் படகேறி, மண்டபம் அகதி முகாமில் பதிவு முடித்து, 2006இல் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் பக்கத்துக்கு வந்தோம். மொழி நம்முடையது, சாமியும் நம்முடையது. ரேஷன் அரிசி கிடைத்தது. அக்கம்பக்கத்து ஆச்சிமார் முருங்கைக்கீரை ஒடித்துக் கொடுத்தார்கள். இனிப் பயமில்லை என்று மனசு சீக்கிரமே ஒப்புக்கொண்டது. உடம்பு மட்டும் கேட்கவில்லை.

இந்தப் பக்கம் கல்குவாரிகள் உண்டு. பாறைக்கு வெடி வைத்தால் கூரை அதிரும். என்ன சத்தம் என்று யோசிப்பதற்குள் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் குந்தியிருப்பேன். "ஏ பிள்ள, ஒண்ணுமில்ல, குவாரில வெடி போடுதாவ" என்று பக்கத்து வீட்டு ஆச்சி ஓடிவருவார். தெரியும் ஆச்சி என்பேன். தெரிந்து என்ன செய்ய? படபடப்பு அடங்க வெகுநேரம் ஆகும். தோள் இரண்டும் இறுகி மேலேறி நிற்கும். காலையில் எழும்பினால் தாடை வலிக்கும், இரவெல்லாம் பல்லைக் கடித்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் சோதித்தார்கள். எல்லாம் நார்மல், கேஸ்தான் என்று மாத்திரை எழுதினார்கள். முகாமில் எத்தனையோ பெண்களிடம் இதே சீட்டு இருந்தது. எங்கள் சனத்துக்குத் துக்கம் பெரும்பாலும் தலையிடியாகவும் நெஞ்சடைப்பாகவும் பெருமூச்சாகவும்தான் வெளியே வரும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். மூச்சுப் பயிற்சி, உடம்பைத் தளர்த்திப் படுக்கும் சாந்தி ஆசனம், அவரவர் சமயத்துக்கேற்ற செபம் என்று சனத்துக்குப் பழகிய வழிகளையே அவர் சிகிச்சையில் சேர்த்தார். அது எங்கள் மண்ணிலேயே நடந்தது என்பதை நான் இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன்.

எனக்கு வழி காட்டியது பாளையங்கோட்டையிலிருந்து வந்துபோன ஆலோசகர் அக்கா ஒருவர். முதல்நாள் அவர் என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. பாதம் தரையில் எங்கே அழுத்தமாகப் படுகிறது, குதிகாலிலா விரலிலா என்று கேட்டார். நாற்காலி முதுகைத் தாங்குவது தெரிகிறதா என்றார். அப்புறம் தலையை மெதுவாகத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கச் சொன்னார். கதவு, ஜன்னல், தூரத்தில் சுற்றும் காற்றாலை. கண்ணை மூடச் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல், ஏனென்றால் கண்ணை மூடினால் கடல்தான் வரும்.

ஆபத்து வந்தால் அட்ரினலின் சுரந்து, இதயம் வேகமெடுத்து, தசைகள் ஓடவோ எதிர்க்கவோ தயாராகின்றன. இரண்டுக்கும் வழியில்லை என்றால் உடம்பு உறைந்துபோகும். பதுங்குகுழிக்குள் மூச்சுக்காட்டாமல் கிடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆபத்து விலகி வருடங்கள் ஆன பிறகும் அந்தத் தயார்நிலை அடங்காவிட்டால் தூக்கம் கெடும், செரிமானம் கெடும், கழுத்தும் இடுப்பும் வலிக்கும். புத்திமதியால் அதை அடக்க முடியாது. உடம்பின் வழியாகத்தான் போக வேண்டும். வெளிமூச்சை நிதானமாக நீட்டினால், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பு தணிவது அப்படி ஒரு வழி.

அமெரிக்கரான பீட்டர் லெவின் உருவாக்கிய சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் என்ற, உடல் உணர்வுகளைக் கவனித்து அதிர்ச்சியைத் தணிக்கும் முறையிலிருந்தும் அக்கா சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தார். நெஞ்சு இறுகினால் அங்கேயே மல்லுக்கட்டக் கூடாது. உடம்பில் எந்த இடம் சுகமாக இருக்கிறதோ அங்கே கவனத்தைக் கொண்டுபோக வேண்டும். எனக்கு அது உள்ளங்கை. பிறகு இறுக்கத்தைக் கொஞ்சமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளங்கைக்கே வந்துவிட வேண்டும். கை கால் நடுங்கினால் நடுங்க விடலாம். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையில் 150 பேருக்கு இந்த முறையில் 75 நிமிடச் சிகிச்சை கொடுத்து, 2008இல் ஆய்வாக வெளியிட்டார்கள். எட்டு மாதம் கழித்தும் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு குறைந்தே இருந்தது. ஆனால் சிகிச்சை பெறாத ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வு அது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தவை வேறு: அதிர்ச்சியை மையமாக வைத்த சிந்தனை–நடத்தைச் சிகிச்சையும், ஈஎம்டிஆர் என்ற கண்ணசைவுச் சிகிச்சையும். எனக்குப் பலன் கிடைத்தது என்பதற்காக இதுவே போதும் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்களையும் அழைத்தார்கள். மகுடம் என்ற பறையை அடிக்க ஆரம்பித்ததும் ஒரு பெண் நடுங்கத் தொடங்கினார். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. மதினிமார் இரண்டு பேர் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஆடி ஓய்ந்ததும் திருநீறு பூசி, தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்தார்கள். எங்கள் ஊர் அம்மன் கோயிலிலும் இப்படிச் சாமியாடுவார்கள், உருவாடுவது என்போம். இதைச் சிகிச்சை என்று நான் சொல்லவில்லை, அது அவர்கள் வழிபாடு. ஆனால் நடுங்கும் உடம்பை வெறித்துப் பார்க்காமல், விழாதபடி தாங்கிக்கொள்ளத் தெரிந்த சனத்துக்கு நடுவே இருக்கிறேன் என்ற எண்ணம் அன்றைக்கு எனக்குள் இறங்கியது. அதற்குப் பிறகுதான் இந்த ஊரை என் ஊர் என்று சொல்ல நாக்கு வந்தது.

அம்மாவின் தோள்வலிக்குப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். 1964இல் தொடங்கிய கல்லூரி அது. தட்டல், பிடித்தல், அழுத்தல், அசைத்தல் என்று தொக்கணம் என்ற சித்த மருத்துவ உடல்பிடிப்பில் ஒன்பது வகை உண்டாம். அம்மாவுக்குச் செய்த பெண் மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார். அது மிகவும் முக்கியம். தொடுவதே சிலருக்குப் பழைய நாளைக் கிளப்பிவிடும். வேகமாக மூச்சு விடும் பயிற்சிகளும் அப்படித்தான், படபடப்பைக் கூட்டிவிடலாம். பயிற்சி செய்கிறோம் என்று மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை யாரும் சொந்தமாக நிறுத்திவிடக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

இப்போது நாங்கள் சில பெண்கள் வாரம் ஒருமுறை கூடி, அக்கா சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்கிறோம். பீடி சுற்றும் ஊர்ப் பெண்களும் வருகிறார்கள். மடியில் சுளகை வைத்து நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் அவர்கள் கழுத்தும் எங்கள் கழுத்தைப் போலவே இறுகிக் கிடக்கிறது. முதலில் சனிக்கிழமைகளில்தான் கூடினோம். அன்றைக்குக் கடையில் பீடியை ஒப்படைக்க வேண்டும், கணக்கு முடிய நேரமாகும் என்று அந்த மதினிமார் சொன்னதால் ஞாயிறு மாலைக்கு மாற்றியிருக்கிறோம்.