நார்க் கயிறு வாங்கும்போது

கிணற்றுக்கோ மாட்டுக்கோ தேங்காய் நார்க் கயிறு வாங்கினால், முனையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு புரியும் ஒரு பக்கமாக முறுக்கேறியிருக்கும். புரிகளைச் சேர்த்த முறுக்கு அதற்கு எதிர்ப்பக்கம் போகும். தனிப்புரி பிரியப் பார்க்கும்போது அந்த இழுவையே கயிற்றை இறுக்கிவிடும். பசை கிடையாது. சாண் நீள நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே தண்ணீர் வாளியைத் தூக்குகின்றன!

சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரிப் பக்கம் இந்தக் கயிறு திரிப்பதுதான் பல குடும்பங்களுக்குச் சோறு. ராட்டை சுழல, நார் விரலிடுக்கில் ஒரே அளவாக இறங்க வேண்டும். கூடினால் அந்த இடம் புடைக்கும், குறைந்தால் அங்கேதான் அறும். அந்தக் கைக்கணக்கைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பிரமிப்புதான்.

சரி, வாங்கியாச்சு. நனைந்தால் உடனே கெட்டுப்போகிற பொருளில்லை இது, உப்புத் தண்ணீரையே தாங்கும். ஆனால் ஈரத்தோடு சுருட்டி மூலையில் போட்டுவைத்தால் மக்கத் தொடங்கும். காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். வெட்டிய முனையை நூலால் இறுகச் சுற்றிக் கட்டுங்கள், இல்லையென்றால் புரி விட்டுப்போகும். அப்புறம், சகடையில் உரசும் பக்கம் லேசாகத் தேயத் தொடங்கும்போதே கயிற்றைத் தலைமாற்றிக் கட்டிவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும்.