தவளைய பாக்க சாலமன்கா போகணுமா

லீவுக்கு கும்பகோணம் வந்து நாலு நாள்தான் ஆகுது, அதுக்குள்ள அப்பாயி பத்து தடவ கேட்டாச்சு, ஏன்டா ஸ்பானிஷ் படிக்க அவ்ளோ தூரமான்னு. நான் படிக்கிற ஸ்பெயின் ஊர் சாலமன்கால யுனிவர்சிட்டி ஆரம்பிச்சது 1218லன்னு பெருமையா சொன்னேன். தஞ்சாவூர் பெரிய கோயில் அதுக்கும் இருநூறு வருஷம் முன்னாடிடான்னு ஒரே போடு (1010, கணக்கு சரிதான்).

முதல் மாசம் திண்டாட்டம்தான், ஏன்னா எல்லாத்தையும் இங்கிலீஷ்ல யோசிச்சு மாத்திட்டு இருந்தேன், "ஐ லைக்"க அப்படியே "யோ குஸ்தோ"ன்னு உளறுவேன், டீச்சர் தலைய ஆட்டுவாங்க. ஒருநாள் திடீர்னு புரிஞ்சுது, "மே குஸ்தா எல் கஃபே"ன்னா அப்படியே நம்ம "எனக்கு காபி பிடிக்கும்"! "மே துவேலே லா கபேதா"ன்னா எனக்கு தலை வலிக்குது. அட, தமிழ்லேர்ந்தே போயிருக்கலாமே. மஞானான்னா "நாளைக்கு", அதுல வர்ற ஞ கூட நமக்கு ஓசி. ஆனா பெரோன்னா "ஆனா", பெர்ரோன்னா நாய், அந்த ர்ர் இன்னும் எனக்கு உருளல. புரொஃபசர "தூ"ன்னு, அதாவது நீ வா போன்னு கூப்பிடுறதுக்கும் வாய் வரல.

யுனிவர்சிட்டி முகப்பு சிற்பத்துல ஒரு மண்டையோட்டு மேல குட்டி தவளை இருக்கு, யார் உதவியும் இல்லாம கண்டுபிடிச்சா பரீட்சை பாஸ்னு நம்பிக்கை. பக்கத்துல நின்ன ஒரு டூரிஸ்ட் கைய காட்டி தொலைச்சிட்டான், சப்ஜங்டிவ் (ஆசை, சந்தேகம்லாம் சொல்ற வினை வடிவம்) டெஸ்ட்ல நான் மண்ண கவ்வுனதுக்கு அவன்தான் காரணம்.

அப்பாயிகிட்ட இதயும் சொன்னேன். "தவளையா? கொல்லைல போய் பாரு, ராத்திரி பூரா தூங்க விடல."