பெரிய கம்பெனிக்கு 25, பனியன் யூனிட்டுக்கு 35

பட்ஜெட் அன்னைக்கு நாம எல்லாரும் சம்பள ஸ்லாப் மாறுச்சான்னு மட்டும்தான் பாக்குறோம், ஆனா அதே பட்ஜெட் பேப்பர்ஸ்ல வரிச்சலுகையால அரசுக்கு எவ்ளோ போச்சுன்னு ஒரு அறிக்கை இருக்கும், அதையும் ஒரு தடவை படிங்க. எவ்ளோ லாபம் பாத்த கம்பெனி நிஜமா எத்தனை சதவீதம் வரி கட்டுச்சுன்னு அதுல போட்டிருப்பாங்க. 2014-15ல சர்சார்ஜ், செஸ்னு வரி மேல போடுற கூடுதல் வரியும் சேர்த்து பெரிய கம்பெனிக்கு சட்டப்படி கிட்டத்தட்ட 34 சதவீதம். 500 கோடிக்கு மேல லாபம் பாத்தவங்க கட்டுனது 23க்கு பக்கம். 1 கோடிக்குள்ள லாபம் பாத்த சின்ன கம்பெனிங்க 29க்கு மேல! இதுல திருட்டு எதுவும் இல்லங்க, புது மெஷினுக்கு கூடுதல் தேய்மானம் (மெஷின் விலையில ஒரு பங்கை லாபத்துல கழிச்சுக்குறது), எஸ்இஇசட்ல, அதாவது சிறப்புப் பொருளாதார மண்டலத்துல யூனிட் போட்டா விலக்குன்னு எல்லாமே அப்போ சட்டத்துலயே இருந்துச்சு, அதையெல்லாம் முழுசா எடுத்துக்குற அளவுக்கு முதலீடும் வரி ஆலோசகரும் பெரியவங்ககிட்டதான் இருக்கு.

அப்புறம் 2019 செப்டம்பர் 20. சலுகையெல்லாம் வேணாம்னு சொல்ற கம்பெனிக்கு 22 சதவீதம், எல்லாம் சேர்த்தா 25.17. புதுசா கம்பெனி தொடங்கி 2024 மார்ச்சுக்குள்ள ஃபேக்டரி ஆரம்பிச்சவங்களுக்கு 15தான். வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் போகும்னு அரசே சொல்லுச்சு, அன்னைக்கு ஷேர் மார்க்கெட் குறியீடு சென்செக்ஸ் 1,900 புள்ளிக்கு மேல ஏறுச்சு.

எனக்கு நிஜமாவே வயிறு எரியுறது அடுத்த விஷயத்துலதான். அண்ணன் தம்பி ரெண்டு பேர் சேர்ந்து திருப்பூர்ல பார்ட்னர்ஷிப்பா ஒரு பனியன் யூனிட் நடத்துறாங்கன்னு வைங்க, அந்த ஃபர்முக்கு கம்பெனிங்களுக்கு முன்னாடி இருந்த அதே 30 சதவீதம்தான், லாபம் 1 கோடியைத் தாண்டிட்டா சர்சார்ஜ் வேற, செஸ்ஸும் சேர்த்து மொத்தம் 34.94. ஆயிரக்கணக்கான கோடி லாபம் பாக்குற கம்பெனிக்கு 25.17, இவங்களுக்கு 35! ஆடிட்டருங்க ஒண்ணு சொல்வாங்க, ஃபர்ம் வரி கட்டுனதுக்கப்புறம் பார்ட்னர் எடுக்குற பங்குக்கு வரி இல்ல, கம்பெனி லாபத்துல இருந்து பிரிச்சுக் குடுக்குற டிவிடெண்டுக்கு ஷேர் வச்சிருக்கவங்க தனியா கட்டணும்னு. அது சரிதான். ஆனா டிவிடெண்ட் குடுக்காம லாபத்தை உள்ளயே வச்சு தொழிலைப் பெருக்குற கம்பெனிக்கு 25தான, அதே மாதிரி லாபத்தை மறுபடி மெஷின்லயே போடுற யூனிட்டுக்கு ஏன் 35?

சரி, வரியைக் குறைச்சதால ஊருக்கு வேலை வந்துச்சான்னு பாத்தா, 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே சொல்லுது, 2020ல இருந்து 2023க்குள்ள கம்பெனிங்களோட வரிக்கு முந்தைய லாபம் கிட்டத்தட்ட 4 மடங்கு ஆச்சு, ஆள் எடுக்குறதும் சம்பளமும் அதுக்கு ஈடா வளரலைன்னு. 2018-19ல கார்ப்பரேட் வரி 6.6 லட்சம் கோடி வந்துச்சு, தனிநபர் வரி அதைவிட கம்மி. 2023-24ல கார்ப்பரேட் 9.1 லட்சம் கோடி, தனிநபர் 10 லட்சம் கோடிக்கு மேல. சம்பளத்துல பிடிக்கிற நம்ம வரி, அதான் டிடிஎஸ், மாசாமாசம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிடுது, இதுல எந்த சாய்ஸும் நமக்குக் கிடையாது.

பெரிய கம்பெனிக்கு மறுபடி 30 போடுங்கன்னு கூட நான் கேக்கல. பார்ட்னர்ஷிப் ஃபர்முக்கும் அதே 22 குடுங்க, சலுகை வேணாம்னு எழுதிக்குடுக்க அவங்களும் ரெடியாதான் இருப்பாங்க.