இரவிகுளத்துல வரையாடு பாத்தாச்சு

ரொம்ப வருஷ ஆசை, இந்த ஏப்ரல்ல நிறைவேறுச்சு. மூணாறு பக்கத்துல இரவிகுளம் நேஷனல் பார்க். பிப்ரவரி, மார்ச் வாக்குல வரையாடு குட்டி போடுற சீசன்னு பார்க்கையே மூடிடுவாங்க, அதான் திறக்குற வரைக்கும் காத்திருந்து போனோம். வண்டிய கீழ விட்டுட்டு வனத்துறை பஸ்ல ராஜமலை, அங்கருந்து நடை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் புல்வெளி, பனிமூட்டம் விலகுனா அந்தாண்ட 2695 மீட்டர்ல ஆனைமுடி, அதுல ஏற நம்மள விடமாட்டாங்க, விடாததே நல்லதுன்னு தோணுச்சு.

ரெண்டாவது வளைவுல ரோட்டோரமா தாயும் குட்டியும். பத்தடி தூரம் கூட இருக்காது. குட்டி செங்குத்து பாறையில கால் வைக்குது, குளம்பு வழுக்கவே இல்ல, தாய் மென்னுக்கிட்டே திரும்பி பாக்குது, அந்த மெல்லுற சத்தம் கூட கேக்குது! மேல முதுகுல வெள்ளி பூசுன மாதிரி ஒரு கிடா, அசையாம நிக்குது. நம்ம தமிழ்நாட்டோட மாநில விலங்கு இதுதாங்க, சங்கப்பாட்டுல வருடைன்னு வர்றதும் இதத்தான்னு சொல்றாங்க, மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது.

ஒருத்தர் சிப்ஸ் பாக்கெட்ட நீட்டுனாரு பாருங்க, எனக்கு பதறிடுச்சு. தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க.

2018ல குறிஞ்சி பூத்தப்போ போக முடியல. அடுத்தது 2030. அம்மாவ கூட்டிட்டு போறேன்.