பீசா தரவு: வேலைக் குறிப்புகள்

பிப்ரவரி 3
15 வயது மாணவர்களை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் OECD தேர்வான பீசாவின் மாணவர் கோப்பு இறங்கிவிட்டது. மதிப்பெண்ணைத் தொடுவதற்கு முன் குறியீட்டுக் கையேடு. பாலின மாறியில் 1 என்றால் பெண், 2 என்றால் ஆண். அப்படியே எண்ணாக ரிக்ரெஷனில் (ஒரு மாறி மாறும்போது மதிப்பெண் எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு) போட்டால் வருவது ஆண்கள் சராசரியிலிருந்து பெண்கள் சராசரியைக் கழித்த வித்தியாசம். குறியைத் தலைகீழாகப் படிப்பது சுலபம். விடை தராதவர்களுக்கு 97, 99 போன்ற குறியீடுகள் இருக்கும். அவை உண்மை எண்களாக நுழைந்தால் சராசரி எகிறிவிடும். அதனால் ஒவ்வொரு மாறிக்கும் முதலில், எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்ற நிகழ்வெண் அட்டவணை.

பிப்ரவரி 5
முதலில் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, பிறகுதான் மாணவர்களை எடுக்கிறார்கள். ஒரே பள்ளி மாணவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். பள்ளிக்கு 35 பேர், அந்த ஒற்றுமையின் அளவான உள்ளொட்டுறவு 0.4 என்றால், மாறுபாடு எத்தனை மடங்கு கூடுகிறது என்று சொல்லும் வடிவமைப்பு விளைவு 1 + 34 × 0.4 = 14.6. அதாவது 5,000 மாணவர்கள், தனித்தனியாக எடுத்த சுமார் 340 பேருக்குச் சமம்! தோராயக் கணக்குதான்; பின்லாந்தில் உள்ளொட்டுறவு குறைவு, சிறு வயதிலேயே பள்ளி வகை பிரிக்கும் நெதர்லாந்தில் அதிகம்.

பிப்ரவரி 10
மாணவர் ஒவ்வொருவரும் வினாக்களில் ஒரு பகுதிக்குத்தான் விடை எழுதுகிறார். அதனால் ஒற்றை மதிப்பெண் கிடையாது. பதிலாக, அவருக்கு இருக்கக்கூடிய மதிப்பெண்களிலிருந்து சீரற்ற முறையில் எடுத்த பிளாசிபிள் வேல்யூக்கள்: 2015 முதல் 10, அதற்கு முன் 5. பத்தையும் சராசரியாக்கி ஒரு பத்தியாக வைத்துக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். கூடாது: பரவல் சுருங்கிவிடும். கணிதத்தில் அடிப்படைத் திறனாகக் கருதப்படும் இரண்டாம் நிலை தொடங்கும் 420 புள்ளிக்குக் கீழே இருப்பவர்களின் விகிதத்தையும், சராசரி அதற்கு மேல் உள்ள நாட்டில், அது குறைத்துக் காட்டும். கொள்கை அறிக்கைகள் தேடுவதே அந்த விகிதத்தைத்தான்.

ஒவ்வொரு வேல்யூவுக்கும் இறுதி எடையில் (ஒரு மாணவர் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்ற எண்) ஒரு ஓட்டம், மாதிரி வேறாக இருந்தால் விடை எவ்வளவு மாறும் என்று பார்க்கத் தரப்படும் 80 ரெப்ளிகேட் எடைகளில் 80 ஓட்டம், மொத்தம் 810. ரெப்ளிகேட் விடைக்கும் இறுதி எடை விடைக்கும் உள்ள வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி 20ஆல் வகுக்க வேண்டும், 80ஆல் அல்ல. ரெப்ளிகேட் எடைகளை உருவாக்கிய ஃபே முறையின் காரணி 0.5; 80 × (1 − 0.5)² = 20. எண்பதால் வகுத்தால் திட்டப் பிழை (விடை எவ்வளவு தள்ளாடக்கூடும் என்ற அளவு) பாதியாகிவிடும், இல்லாத வேறுபாட்டுக்கெல்லாம் ‘தற்செயல் அல்ல’ என்ற நட்சத்திரக் குறி விழும். பத்து மதிப்பீடுகளுக்கிடையிலான மாறுபாட்டை 1.1ஆல் பெருக்கி, மேலே வந்த பத்து மாறுபாடுகளின் சராசரியோடு கூட்டுவது கடைசி வேலை.

பிப்ரவரி 11
ஓட்டம் முடிந்தது. நாட்டுச் சராசரியும் திட்டப் பிழையும் வெளியான அட்டவணையோடு ஒத்துப்போகின்றன. இது பொருந்தாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

பிப்ரவரி 14
வகுப்பளவு. தலைமையாசிரியர் வினாத்தாளில் இது '21–25' மாதிரி இடைவெளியாக வருகிறது. பள்ளியின் சராசரியே தவிர அந்த மாணவரின் வகுப்பு அல்ல. பின்தங்கிய மாணவர்களுக்குச் சிறு வகுப்பு கொடுக்கும் இடங்களில், பெரிய வகுப்பே நல்லது என்று ரிக்ரெஷன் தரும் குணகம் சொல்லும். அமெரிக்காவின் டென்னசியில் 1985இல் தொடங்கிய ஸ்டார் என்ற வகுப்பளவு ஆய்வில் 13–17 பேர் வகுப்பா, 22–25 பேர் வகுப்பா என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. இங்கே குலுக்கல் இல்லை. வகுப்பளவு கட்டுப்பாட்டு மாறியாக, அதாவது மற்ற மாறிகளை ஒப்பிடும்போது அதன் வித்தியாசத்தைக் கழிக்க மட்டும், இருக்கட்டும். அதன் குணகத்துக்கு விளக்கம் எழுதப்போவதில்லை.