நான்கு என்று திரும்பியது

மார்ச் 3

சோதனைக்குக் கேட்டிருந்த போர்டு (பிராசஸர் பொருத்திய கணினிப் பலகை) இன்றும் வரவில்லை.

மார்ச் 4

அறிக்கைப் பக்கம் முழுக்கப் பச்சை. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. கர்னல் செல்ஃப்டெஸ்ட் (லினக்ஸின் மையமான கர்னலைச் சோதிக்கும் நிரல்) 0 என்று முடிந்தால் பாஸ், 1 என்றால் ஃபெயில், 4 என்றால் ஸ்கிப், அதாவது ஓடவே இல்லை. நம் ஸ்கிரிப்டோ 1 வராத எல்லாவற்றுக்கும் பச்சை அடிக்கிறது. எழுதியது நான்தான், போன வருடம், அவசரத்தில். எத்தனை 4 இத்தனை நாள் பச்சையாகப் போயிருக்கும்?

மார்ச் 5

64கே பேஜ் மெஷினில் மூன்று டெஸ்ட் விழுந்தன. பேஜ் என்பது கர்னல் மெமரியைப் பிரித்துக் கையாளும் துண்டு, வழக்கமாக 4கே, அதாவது 4096 பைட். மூன்றிலும் 4096 என்று கையால் அடித்து வைத்திருக்கிறார்கள். 4096 தள்ளியிருக்கும் முகவரியில் எம்-புரொடெக்ட் (பேஜின் அனுமதியை மாற்றும் அழைப்பு) கேட்டால் அங்கே அது பேஜின் நடுப்பகுதி. கர்னல் ‘தவறான மதிப்பு’ என்று ஈ-இன்வால் பிழை கொடுத்து அனுப்பிவிடுகிறது. பேஜ் அளவு என்ன என்று சிஸ்கான்ஃபிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது.

பெரிய பேஜ் டெஸ்ட் வேறு கதை. 4கே-யில் 2 எம்பி, 64கே-யில் 512 எம்பி. 2 ஜிபி ராம் கொடுத்த விர்ச்சுவல் மெஷினில் ஒட்டினாற்போல் 512 எம்பி எங்கே கிடைக்கும்? அது கர்னல் பிழையே இல்லை. ஆனால் அறிக்கையில் சிவப்பு. இல்லாத குற்றத்துக்குச் சிவப்பு, ஓடாத டெஸ்டுக்குப் பச்சை.

மார்ச் 7

கிடைத்துவிட்டது. மணி இரண்டு, தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன்.

மெமரி புரொடெக்‌ஷன் கீ டெஸ்ட். கீ, அதாவது சாவி: பேஜில் ஒட்டி, அதைப் படிக்கவோ எழுதவோ விடாமல் பூட்ட உதவும் எண். எக்ஸ்86-ல் (இன்டெல், ஏஎம்டி வகை பிராசஸர்) மொத்தம் 16 சாவி. பூஜ்யம் எல்லோருக்கும் பொது, மிச்சம் 15. டெஸ்டுக்குள் 19 சின்ன டெஸ்ட். ஒவ்வொன்றும் ஒரு சாவி வாங்குகிறது, திருப்பிக் கொடுப்பதில்லை. அப்படியானால் பதினாறாவதில்தானே தடுக்க வேண்டும்? லாகில் பதினைந்தாவதிலிருந்தே ஸ்கிப். இந்த ஒரு எண்ணிக்கைக்காக இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், மூன்றாவது சின்ன டெஸ்ட் ஒரு பேஜை ‘எக்ஸிக்யூட் மட்டும்’ என்று மாற்றுகிறது. அதற்காகக் கர்னலே சத்தமில்லாமல் ஒரு சாவியை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 14!

சரி, சாவி தீர்ந்தால் ஃபெயில்தானே ஆக வேண்டும், ஏன் ஸ்கிப்? அங்கேதான் விஷயம். சாவி தீர்ந்துபோனாலும் கர்னல் தரும் பிழை ஈ-நோ-ஸ்பேஸ், பிராசஸரில் அந்த வசதியே இல்லை என்றாலும் அதே ஈ-நோ-ஸ்பேஸ். மேனுவலிலேயே இருக்கிறது. டெஸ்ட் இரண்டாவது அர்த்தத்தை எடுத்துக்கொண்டு 4 என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறது. 32 சாவி உள்ள ஐபிஎம் பவர் மெஷினில் 19-ம் பாஸ். அதனால்தான் எல்லோரும் ‘எக்ஸ்86 பெட்டி பழசு’ என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 8

கழுத்து வலி. போர்டு இல்லை.

மார்ச் 9

திருத்தம்: வசதி உண்டா என்று தொடக்கத்திலேயே ஒரே ஒரு தடவை, ஒரு சாவி வாங்கி உடனே திருப்பிக் கொடுத்து, பார்த்துக்கொள்வது. இல்லையென்றால் அங்கேயே ஸ்கிப். உண்டு என்று தெரிந்த பிறகு ஈ-நோ-ஸ்பேஸ் வந்தால் அது ஃபெயில், பேச்சே கிடையாது.

பிராசஸரின் வசதிகளைப் பட்டியலிடும் சிபியு-இன்ஃபோவைப் படித்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். அதில் பி.கே.யூ. என்று இருந்தால் பிராசஸருக்குத் தெரியும் என்று பொருள். ஓ.எஸ்.பி.கே.இ. இருந்தால்தான் கர்னல் அதை இயக்கியிருக்கிறது. முதலாவதை மட்டும் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

பேட்ச் (திருத்திய கோடு) பராமரிப்பாளருக்கு அனுப்பியாகிவிட்டது.

மார்ச் 10

பதில் இல்லை. பதினோரு தடவை மெயில் பார்த்தேன்.

மார்ச் 12

போர்டுக்காகக் காத்திருந்து பயனில்லை என்று, மெஷினை மென்பொருளாலேயே போலி செய்யும் கியூ-எம்-யூவில் எம்.டி.இ. சோதித்தேன். பாயிண்டருக்கும் மெமரிக்கும் டேக் என்ற சிறு எண் கொடுத்து, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பிழை என்று பிடிக்கும் ஆர்ம் பிராசஸர் வசதி அது. அந்த ‘எம்டிஇ=ஆன்’ தேர்வைப் போடாமல் அரை நாள் வீண். போட்ட பிறகும் எந்தப் பிழையும் சிக்கவில்லை. பாயிண்டர்களை அச்சிட்டுப் பார்த்தால் எல்லாவற்றிலும் டேக் பூஜ்யம். பி.ஆர்.சி.டி.எல். என்ற அழைப்பில் எந்தெந்த டேக் வரலாம் என்று சொல்லாவிட்டால் ஐ.ஆர்.ஜி. (குலுக்கல் முறையில் டேக் தரும் பிராசஸர் கட்டளை) பூஜ்யத்தையே தந்துகொண்டிருக்கும்.

அப்புறம் அசிங்க் மோட், தப்பை உடனே சொல்லாமல் பிறகு சொல்லும் முறை. தப்பான பைட்டில் எழுதிய அடுத்த வரியிலேயே ‘சிக்னல் வந்ததா?’ என்று பார்க்கிறது டெஸ்ட். வராது. கர்னலுக்குள் ஒரு எட்டு போய்வந்தால்தான் வரும். நடுவில் ஒரு கெட்பிட் (கர்னலைக் கேட்கும் ஒரு சாதாரண அழைப்பு) வைத்தேன், வந்தது. தப்பு நடந்த முகவரி மட்டும் பூஜ்யம் என்று வந்தது.

மார்ச் 13

பக்கத்துப் பக்கத்து பஃபர் இரண்டுக்கும் ஆளுக்கொரு டேக். எல்லை தாண்டினால் சிக்க வேண்டும். பெரும்பாலும் சிக்குகிறது. எப்போதாவது சிக்குவதில்லை.

நான்கு பிட், பதினாறு டேக், இரண்டும் சீட்டுக் குலுக்கல். பதினாறில் ஒரு தடவை ஒரே டேக் விழத்தான் செய்யும்! கர்னலைச் சந்தேகித்து ஒரு மாலை போயிற்று. முதல் டேக்கை ஜி.எம்.ஐ. கொண்டு விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு இரண்டாவதைக் கேட்க வேண்டும். ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன்.

மார்ச் 14

பதில் வந்தது. ‘ஸ்கிப் என்றால் காரணத்தையும் அச்சிடுங்கள்.’ அவ்வளவுதான். சரியாகத்தான் சொல்கிறார், ஆனாலும் கோபம் வந்தது.

மார்ச் 16

போர்டு!

சீரியல் கேபிள் கூட வரவில்லை. பழையதைத் தேடி எடுத்தேன். பூட் ஆகிறது. டேக் டெஸ்டை லூப்பில் விட்டிருக்கிறேன். 16 தடவை பாஸ் ஆவதை நம்ப முடியாது, பழைய கோடே மூன்றில் ஒரு முறை அந்தக் கண்டத்தைத் தாண்டிவிடும். 72 போனால் நம்பலாம்.

இப்போது 41. திரையை விட்டு எழவில்லை.